மென்ஷனுக்கு கேஎல் (கோலாலம்பூர்) லாயர் வராவிட்டால் ஏமாற்றா? (சுங்கை சிப்புட்)

பால்மரம்67: "கேஎல் லாயர் ஈப்போ கோர்ட்டுக்கு வராமல் உள்ளூர் லாயரை நிற்க வைப்பது பச்சை ஏமாற்று" என்று நேற்று ஒரு தம்பி இங்கே எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. லாயர் ஆபிசில் 19 வருடம் கிராணியாக இருந்தவன் நான். மென்ஷன் என்றால் அடுத்த தேதி வாங்குகிற நாள். இரண்டு நிமிட வேலை. அதற்காக அவர் 200 கிலோமீட்டர் காடி ஓட்டி வந்தால் பெட்ரோலும் டோலும் யார் தலையில் விழும்?

செம்பனைத்தம்பி: அந்தத் தம்பி நான்தான் ஐயா. இரண்டு நிமிடமா? அப்பா காலை 8 மணிக்கே போய் உட்கார்ந்தார். லோரி ஏறிய கால், மடக்க வராது. பெஞ்சு ஓரத்தில் நீட்டியபடியே பன்னிரண்டரை வரை இருந்தார். வந்த லாயருக்கு அப்பா பெயர்கூடத் தெரியவில்லை, ஃபைலைப் புரட்டிப் பார்த்துத்தான் கூப்பிட்டார்.

பால்மரம்67: காத்திருப்பது வேறு, மென்ஷன் வேறு. நீதிபதி முன்னால் நிற்பது இரண்டு நிமிடம்தான். மென்ஷனுக்கு உன் அப்பாவை யார் வரச் சொன்னது?

செம்பனைத்தம்பி: ஆபிசில்தான் சொன்னார்கள். நாலரை மணி நேரம் ஐயா.

லெட்சுமி_அக்கா: நான் ஒன்று சொல்கிறேன். என் தம்பி கேஸ் கடல் தாண்டி சபா மாநிலத்தில். லாயர்களுக்கு அங்கே 1953 சட்டம், இங்கே 1976 சட்டம். இங்குள்ள லாயர் தனி அனுமதி இல்லாமல் அங்கே நிற்க முடியாது. அதனால் அங்குள்ள லாயரைச் சேர்த்துக்கொண்டோம். சாட்சியை யார் விசாரிப்பது, யாருக்கு எவ்வளவு என்று முதலிலேயே எழுதி எங்களிடம் காட்டினார்கள். இங்கே பெர்லிஸ் முதல் ஜொகூர் வரை ஒரே அனுமதி என்பதால் யாரும் எதையும் சொல்வதில்லை.

பால்மரம்67: சபாவை ஏனம்மா இழுக்கிறாய்? பேச்சு இரண்டு நிமிடத்தைப் பற்றி. உள்ளூர் லாயருக்குத்தான் கவுண்டரில் யாரைப் பார்க்கணும் என்று தெரியும். கேஸ் விசாரணைக்கு வரட்டும், கேஎல்காரர் வந்துதான் ஆகணும். அன்றைக்கு வராவிட்டால் நானே உன் பக்கம் நிற்பேன், தம்பி.

கிந்தாக்காரன்: 19 வருடப் பெருமை போதும் ஐயா. கோயில் நிலப் பத்திரத்தை எட்டு மாதம் மேசையில் வைத்திருந்தது எந்த ஆபிஸ் என்று எங்களுக்குத் தெரியும்.

பால்மரம்67: கமிட்டியில் மூன்று பேர் கையெழுத்துப் போடவில்லை. அதில் நீயும் ஒருத்தன்.

கிந்தாக்காரன்: நான் போட்டேன்! முதல் ஆள் நான்தான்.

லெட்சுமி_அக்கா: கோயில் சண்டையைக் கோயிலில் வைத்துக்கொள்ளுங்கள். தம்பி, அந்த உள்ளூர் லாயர் காசு யார் கணக்கில்?

செம்பனைத்தம்பி: அப்பா பில்லில்தான் அக்கா. மூன்று மென்ஷன், மூன்று தடவை 150 வெள்ளி (ரிங்கிட்). ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பால்மரம்67: வாரண்ட் டு ஆக்ட்டில், அதான் நமக்காக நிற்க லாயருக்கு அதிகாரம் கொடுக்கிற தாளில், கையெழுத்துப் போட்டிருப்பார். படித்துப் பார்த்திருக்கணும்.

செம்பனைத்தம்பி: அது ஆங்கிலத்தில் இருந்தது. அப்பா தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. இரண்டு நிமிடம் உட்கார்ந்து தமிழில் சொல்ல ஒருத்தருக்கும் நேரமில்லை.

பால்மரம்67: அதுவும் இதுவும் ஒன்றா? மென்ஷன் இரண்டு நிமிடம். பெட்டு கட்டுகிறாயா?

செம்பனைத்தம்பி: வருகிற வியாழன் அடுத்த தேதி. எட்டு மணிக்கு வந்து அப்பா பக்கத்தில் உட்காருங்கள் ஐயா.

பால்மரம்67: வருகிறேன். கடிகாரத்தோடு.