பழைய ஆரில் மழைச் சராசரி வருகிறது, புதிய ஆரில் என்ஏ வருகிறது. உதவி தேவை

சுங்கை சிப்புட் மாணவன்

வணக்கம். அப்பா வேலை செய்யும் தோட்டத்தில் ஆபீஸ் கிராணி (எழுத்தர்) தினமும் மழைமானி பார்த்து நோட்டில் எழுதி வைக்கிறார். அதை சிஎஸ்வி கோப்பாக்கி, செம்பனைக் குலை எடையோடு ஒப்பிடுவதுதான் என் இறுதியாண்டு ஆய்வு. ஆர் (R) என்ற புள்ளியியல் மொழியில் உள்ள நிரல், ஒரு சீனியர் கொடுத்தது.

பழைய லேப்டாப்பில் விண்டோஸ், ஆர் 3.5. தோட்டப் பிரிவுகளின் தமிழ்ப் பெயர்கள் அதில் கோணக் குறிக்குள் எண்ணும் எழுத்துமாகத்தான் வரும். அதனால் புதிய லேப்டாப்பில் ஆர் 4.3 போட்டேன். பெயர்கள் அழகாக வருகின்றன, ஆனால் வேறு இரண்டு தொல்லை.

மழையின் தினசரி சராசரி பழையதில் 11 மில்லிமீட்டர் சொச்சம். புதியதில் வெறும் என்ஏ (NA, மதிப்பு இல்லை என்ற குறி), கூடவே எண்ணாக மாற்றும்போது என்ஏ உண்டானது என்று ஓர் எச்சரிக்கை. அடுத்தது, தற்செயல் தேர்வு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வர வைக்கும் செட்.சீட் எண்ணை மாற்றாமலே சாம்பிள் கட்டளை வேறு நாட்களைப் பொறுக்குகிறது.

புதிய ஆரில் பிழை இருக்கிறதா? விரிவுரையாளர் பழைய எண்ணைப் பார்த்துவிட்டார், அதனால் கவலையாக இருக்கிறது.

பீடோங் அண்ணன்

சராசரி எடுக்கும் மீன் (mean) கட்டளைக்குள், என்ஏக்களை விட்டுவிடச் சொல்லும் என்ஏ.ஆர்எம் = ட்ரூ என்று சேருங்க தம்பி. சராசரி வந்துவிடும்.

ஈப்போ அக்கா

அதை இப்போது சேர்க்க வேண்டாம் தம்பி. எண் வந்துவிடும், ஆனால் என்ஏ ஏன் வந்தது என்பது மறைந்துபோகும். இரண்டு லேப்டாப்பிலும் கோப்பைப் படித்த கையோடு எஸ்டிஆர் கட்டளை கொடுத்து, மழைப் பத்தி என்ன வகை என்று பாருங்க. புதியதில் என்ஏ ஆன வரிகளில் முதலில் என்ன எழுதியிருந்தது என்றும் சொல்லுங்க.

சுங்கை சிப்புட் மாணவன்

பார்த்தேன் அக்கா. பழையதில் ஃபாக்டர், புதியதில் கேரக்டர் (எழுத்து). என்ஏ வந்த வரிகளில் எல்லாம் வெறும் கோடு இருக்கிறது. ஆபீஸ் லீவு நாட்களில் கிராணி கோடு போடுவார்.

ஈப்போ அக்கா

அப்படியானால் தப்பு பழைய 11-இல்தான்.

பத்தியில் ஒரு கோடு இருந்தாலே ஆர் அதை எண் பத்தியாக எடுக்காது. எழுத்துப் பத்தியை, கோப்பைப் படிக்கும் ரீட்.சிஎஸ்வி தானாகவே ஃபாக்டர் (ஒவ்வொரு தனி மதிப்புக்கும் ஒரு வரிசை எண் தரும் வகை) ஆக்குவது பழைய வழக்கம். 2020-இல் வந்த 4.0.0 அந்த வழக்கத்தை நிறுத்தியது. ஃபாக்டரை நேராக, எண்ணாக மாற்றும் ஆஸ்.நியூமெரிக்கில் போட்டால் மழை அளவு வராது, வரிசை எண்தான் வரும். ஆறு நாள் மழை 0, 12, 5, 40, 5, கோடு என்று வைத்துக்கொள்ளுங்க. எழுத்து வரிசையில் அடுக்கினால் கோடு, 0, 12, 40, 5. ஆக, உங்கள் நிரலுக்குக் கிடைப்பது 2, 3, 5, 4, 5, 1. மழையே இல்லாத நாளுக்கு 2, கொட்டித் தீர்த்த 40-க்கு வெறும் 4. தூறலான 5 அதைவிடப் பெரியதாகிவிட்டது! பழைய ஆர் இதற்கு ஓர் எச்சரிக்கைகூடத் தராது. மழைக்கு ஏற்ற அளவில் எண்கள் வந்ததால் யாரும் சந்தேகப்படவில்லை, அவ்வளவுதான்.

ரீட்.சிஎஸ்வியில் என்ஏ.ஸ்ட்ரிங்ஸ் என்ற இடத்தில் கோட்டைக் கொடுங்க. பத்தி எண்ணாகவே வரும், ஆஸ்.நியூமெரிக் தேவையே இல்லை.

என்ஏ.ஆர்எம் போடுவதற்கு முன் கிராணியிடம் ஒன்று கேளுங்க. லீவு நாள் மழை மானியில் தேங்கி, மறுநாள் அளவோடு சேர்ந்து வருகிறதா? அப்படி என்றால் அந்த நாளை நீக்கிவிட்டுச் சராசரி எடுப்பது தப்பு. மழை கணக்கில் இருக்கும், நாள் மட்டும் குறைந்துவிடும்.

பீடோங் அண்ணன்

அக்கா சொல்வது சரி. அந்தக் கோணத்தில் நான் யோசிக்கவில்லை.

சாம்பிள் விஷயத்தில் மட்டும் பிழை ஆரிலேயே இருந்தது தம்பி. பழைய முறையில் எல்லா உறுப்புக்கும் சம வாய்ப்பு கிடைக்காது. மிகப் பெரிய தொகுப்புகளில்தான் அது பளிச்சென்று தெரியும். 2019-இல் 3.6.0 அதைத் திருத்தியது, அதனால்தான் நாட்கள் மாறுகின்றன. பழைய முடிவை அப்படியே எடுக்க வேண்டுமென்றால் ஆர்என்ஜிகைண்டில் சாம்பிள்.கைண்டை ரவுண்டிங் ஆக்குங்க. ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் அது போதும். ஆய்வுக்குப் புதிய முறையையே வையுங்க, எந்தப் பதிப்பு என்றும் எழுதுங்க.

தமிழ்ப் பெயர் சரியானதும் தற்செயல் இல்லை. 2022-இல் வந்த 4.2.0 முதல் அண்மைய விண்டோஸில் ஆர், தமிழ் உட்படப் பல மொழி எழுத்துகளைத் தாங்கும் யூடிஎஃப்-8 எழுத்துமுறையையே பயன்படுத்துகிறது.

சுங்கை சிப்புட் மாணவன்

கிராணி அங்கிளிடம் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை மழை திங்கள் கணக்கில்தான் சேருமாம். கோட்டை என்ஏ.ஸ்ட்ரிங்ஸில் கொடுத்தேன், பத்தி இப்போது எண். ஒரு மாதத்தைக் கையால் கூட்டிப் பார்த்ததில் நோட்டும் ஆரும் ஒத்துப்போகின்றன. ரொம்ப நன்றி அக்கா, அண்ணே. இனி தினசரி சராசரியை விட்டுவிட்டு மாத மொத்தம் எடுக்கவா?

ஈப்போ அக்கா

ஆமாம், மாத மொத்தம்தான் சரி. மாதக் கடைசி நாள் ஞாயிறாக வந்தால் அதன் மழை அடுத்த மாதத்தில் சேரும், அதை ஒரு வரியில் குறிப்பிடுங்க. அப்புறம், அதே மாதத்து மழையையும் குலையையும் மட்டும் ஒப்பிட்டு நின்றுவிடாதீங்க. வறட்சியின் பாதிப்பு செம்பனையில் பல மாதம் கழித்துத்தான் தெரியும். லேக் (சில மாத இடைவெளி) வைத்துப் பாருங்க. விரிவுரையாளரிடம் இரண்டு எஸ்டிஆர் வெளியீடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்க, எண் ஏன் மாறியது என்று அவருக்கே புரியும்.