வேகம் கூடவில்லை, ஆனாலும் எவ்வளவோ மாறியிருக்கிறது

முத்து: பெரியப்பா, சில ஆண்டுகளில் எல்லா விமானமும் மின்சாரத்தில் பறக்கும் என்று ஒரு வீடியோவில் சொல்கிறார்கள். உண்மையா?

பெரியப்பா: நம்பாதே. சின்னது பறக்கிறது, இரண்டு பேர் அமரும் பயிற்சி விமானத்துக்கு ஐரோப்பாவில் 2020லேயே சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள். பெரிய விமானத்துக்கு எடைதான் தடை. ஒரு கிலோ விமான எரிபொருளில் ஏறத்தாழ 12 கிலோவாட் மணி ஆற்றல் இருக்கிறது. பேட்டரியில் கிலோவுக்கு 0.3 கிடைத்தாலே பெரிது.

முத்து: மின் மோட்டார் ஆற்றலை அதிகம் வீணாக்குவதில்லையே, அது ஈடுகட்டாதா?

பெரியப்பா: இரண்டு மூன்று மடங்கு ஈடுகட்டும். பள்ளம் நாற்பது மடங்கு ஆழம். அதோடு, எரிபொருள் தீரத் தீர விமானம் இலேசாகும். பேட்டரி காலியானாலும் அதே எடையோடுதான் தரையிறங்க வேண்டும்.

கலா அத்தை: வேகமாவது கூடுமா அண்ணா? மகள் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் முதுகு விட்டுப்போகிறது.

பெரியப்பா: வேகம் 1958லேயே நின்றுவிட்டது கலா. அந்த ஆண்டு பயணிகளை ஏற்றத் தொடங்கிய போயிங் 707 மணிக்கு 900 கி.மீ. அளவில் பறந்தது. இன்றைய புது விமானமும் அப்படித்தான். ஒலியின் வேகத்தை நெருங்கினால் காற்று கடுமையாக எதிர்க்கும். கான்கார்ட் என்ற பயணிகள் விமானம் அதையும் தாண்டி, ஒலியைப் போல் இருமடங்கு வேகத்தில் பறந்தது. 100 பேரை ஏற்ற அது குடித்த எரிபொருள் கொஞ்சமல்ல. 2003இல் நிறுத்திவிட்டார்கள்.

நிலா: அப்படியானால் இத்தனை ஆண்டுகளாக ஒன்றும் மாறவில்லையா?

பெரியப்பா: அப்படிச் சொல்லாதே நிலா. பாதுகாப்பு எவ்வளவோ கூடியிருக்கிறது. அந்த மாற்றத்துக்காக உழைத்தவர்களோடு வேலை பார்த்தவன் நான். 1954இல் காமெட் என்ற ஜெட் விமானங்கள் இரண்டு நடுவானில் உடைந்தன. காரணம் தெரியவில்லை. ஒரு காமெட்டின் உடற்பகுதியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, உள்ளே அழுத்தத்தை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். ஜன்னல் மூலையில் உலோகம் களைத்து விரிசல் விட்டது. அந்த முடிவை மூடி மறைக்கவில்லை. போட்டி நிறுவனங்களும் படித்துத் திருந்தின. விபத்து விசாரணையின் நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பதே, பழி சுமத்துவது அல்ல என்று பன்னாட்டு விதியே இருக்கிறது. விமானத்துறை உலகத்துக்குத் தந்ததில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன்.

கலா அத்தை: எனக்கு முதலில் தோன்றுவது வேறு அண்ணா. கப்பல் காலத்தில் கடல் கடந்து கொடுத்த பெண்ணைத் திரும்பப் பார்ப்போம் என்ற நிச்சயமே இல்லை. பேரன் பிறந்த மறுநாள் நான் அவனைக் கையில் வாங்கினேன்.

நிலா: ஆனால் அத்தை, 2020இல் கொரோனாவும் விமானம் ஏறித்தானே அத்தனை வேகமாகப் பரவியது. புகையும் இருக்கிறது.

பெரியப்பா: நியாயமான கேள்வி. உலகின் கரியமில வாயுவில் ஏறத்தாழ 2.5 சதவீதம் விமானங்களுடையது. 2023 நவம்பரில் லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு ஒரு விமானம் பெட்ரோலிய எரிபொருளே இல்லாமல் பறந்தது. பெரும்பாலும் கழிவு எண்ணெயிலும் கொழுப்பிலும் செய்த எரிபொருள். பழைய என்ஜின்களே போதும் என்பதால் எனக்கு இதில்தான் நம்பிக்கை.

முத்து: ஹைட்ரஜன்?

பெரியப்பா: எடை குறைவு. ஆனால் திரவமாக்க மைனஸ் 253 டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டும், இடமும் நான்கு மடங்கு பிடிக்கும். விமானத்தையே புதிதாக வடிவமைக்க வேண்டும். என் காலத்தில் வராது.

நிலா: கழிவு எண்ணெய் எல்லா விமானத்துக்கும் போதுமா?

பெரியப்பா: போதவே போதாது. காற்றிலிருந்து கரியமில வாயுவைப் பிடித்து, ஹைட்ரஜனோடு சேர்த்து எரிபொருள் செய்யலாம். அதற்கு மின்சாரம் ஏராளமாக வேண்டும். டிக்கெட் விலை ஏறத்தான் செய்யும். ஏறினாலும் அது சரியென்றே நினைக்கிறேன்.

கலா அத்தை: விலை ஏறினால் நான் எப்படிப் போவேன் அண்ணா?

பெரியப்பா: ஆண்டுக்கு இரண்டு தடவை ஓடாதே. ஒரே தடவை போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வா.

கலா அத்தை: அதைத்தான் மகளும் சொல்கிறாள்.