கில்காமேஷ் நாவலில் கடலடிச் செடியை என்ன செய்வது?

கேள்வி (தேவிபட்டினம்):
பண்டைய மெசொப்பொத்தேமியாவின் (இன்றைய ஈராக்) கில்காமேஷ் காவியத்தை அற்புதங்கள் இல்லாத சரித்திர நாவலாக எழுதி வருகிறேன். மன்னன் கில்காமேஷ் தன் ஊருக் நகரத்து இளைஞர்களை ஓயவிடாமல் வருத்தியதும், நல்ல மரம் விளையாத வண்டல் நாட்டிலிருந்து தேவதாரு தேடிப் புறப்பட்டதும் தடையின்றி எழுத வந்துவிட்டன. மன்னனின் உயிர்த்தோழன் என்கிடு இறந்தபின், அவன் மூக்கிலிருந்து புழு விழும்வரை ஆறு பகல் ஏழு இரவு உடலை அடக்கம் செய்ய விடாமல் மன்னன் அழுதான் என்ற இடத்தில் நான் மாற்றுவதற்கு ஒன்றுமே இல்லை. ஆனால், காலில் கல்லைக் கட்டிக்கொண்டு நீரடிக்கு இறங்கி, இளமை தரும் முட்செடியைப் பறிக்கும் பதினோராம் களிமண் பலகையில் (காவியத்தின் பகுதி) வந்து நின்றுவிட்டேன். அதை விட்டுவிடலாமா?

பதில் (பரமக்குடி):
செடியைப் பற்றிக் கடலோரத்தார் சொல்லட்டும். தெய்வங்களை மட்டும் அடியோடு நீக்கிவிடாதீர்கள். கதைசொல்பவர் வாயில் அவர்கள் வர வேண்டாம். மாந்தர் மனத்தில் இருக்கட்டும். இஷ்தார் தேவியின் கோயிலுக்கு அஞ்சாத ஊருக்கை யார் நம்புவார்கள்? கில்காமேஷும் கிஷ் நகரத்து மன்னன் அக்காவும் (அது அவன் பெயர்) மோதும் சுமேரியப் பாடலையும் படியுங்கள். முற்றுகையும் ஊர் மூத்தோர் ஆலோசனையுமாக, அரக்கர் எவரும் இன்றி நடக்கும் கதை அது. அக்காவின் தந்தை என்மெபரகேசியின் பெயர் பொறித்த கல்பாத்திரத் துண்டு கிடைத்திருக்கிறது. சுமேரிய மன்னர் பட்டியலில் 126 ஆண்டு ஆண்டதாகச் சொல்லப்படும் கில்காமேஷுக்கு அவன் காலத்துச் சான்று ஏதும் இல்லை. அவனுடைய சரித்திரத்துக்குப் பகைவன் வீட்டு வாசல் வழியாகத்தான் போக வேண்டியிருக்கிறது.

பதில் (கீழக்கரை):
விட்டுவிடாதீர்கள் தம்பி. முழுக் காவியத்திலும் எங்களுக்கு மிகவும் பழகிய இடம் அதுதான். என் பாட்டனார் சங்கு குளித்தவர். அக்காலத்தில் முத்துக்குளிப்பவர் கல்லைக் காலில் கட்டிக்கொள்வதில்லை. கயிற்றில் தொங்கும் கல்லின்மேல் ஒரு காலை ஊன்றி, மூச்சை அடக்கி இறங்குவார். தரையைத் தொட்டதும் கால் விலகும், தோணியில் இருப்பவர் கல்லை மேலே இழுத்துக்கொள்வார். குளிப்பவரை இழுக்கும் கயிறு வேறு. அதைப் பிடிப்பவர் மைத்துனராக இருக்க வேண்டும் என்பது வழக்கம், தங்கை தாலிக்குப் பொறுப்பாளி அவர்தானே. கில்காமேஷுக்கோ கயிறு பிடிக்க ஆளில்லை. கல்லைத் தானே அறுத்துவிட்டான், கடல் அவனைக் கரையில் ஒதுக்கியது. கூட வந்த படகோட்டி உர்ஷனாபியின் கையில் ஒரு கயிற்றைக் கொடுத்துவிட்டால் அத்தியாயம் நம்பும்படி ஆகிவிடும். சுமேரிய வெள்ளக் கதையில் தப்பியவன் குடியேறிய தில்முன் இன்றைய பஹ்ரைன் பகுதி என்றே ஆய்வாளர்கள் கொள்கின்றனர். அங்கும் சென்ற நூற்றாண்டு வரை கல்லின் துணையோடுதான் முத்துக்குளித்தார்கள். செடியின் முள் கையைக் கிழிக்கும் என்று காவியமே சொல்கிறது. கடலடிப் பாறையான பாரில் கைவைத்துப் பாசி எடுக்கும் பெண்களின் விரல்களைப் பாருங்கள், எழுத வேண்டியது அங்கே இருக்கிறது.

பதில் (பாம்பன்):
வெள்ளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பண்டைய சுமேரிய நகரமான ஷுருப்பாக்கின் அகழாய்வில் ஏறக்குறைய கி.மு. 2900-ஐச் சேர்ந்த ஆற்று வண்டல் படிவு கிடைத்திருக்கிறது. காவியத்தில் பெருவெள்ளத்தில் தப்பியவரான உத்னபிஷ்டிமும் அந்த ஊர்க்காரர்தான். ஆகவே அவரை ஆற்று வெள்ளத்தில் தப்பிய முதியவராகவே வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதிகம் பேச விடாதீர்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியிலிருந்து தப்பி வந்த என் பாட்டி, தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று ஒருநாளும் சொன்னதில்லை. அடுப்பில் இருந்த சோற்றை இறக்காமல் வந்ததைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்.

கேள்வி கேட்டவர்:
கீழக்கரை ஐயா, அந்தக் கல் எவ்வளவு கனம், எதில் துளையிட்டுக் கயிறு கோப்பார்கள் என்று அறிந்த பெரியவர்கள் இன்னும் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன்.