பட்டாளத்து வக்கீலிடம் போனவர்கள்

கடலூர் சிப்காட் பக்கம் மரப்பெட்டி செய்பவர்:

ஒரு கம்பெனி என்னிடம் பெட்டிகளை வாங்கிக்கொண்டு மாதக்கணக்கில் இழுத்தடித்தது. கேட்டால் "தரம் சரியில்லை" என்றார்கள். மஞ்சக்குப்பத்தில் பட்டாளத்திலிருந்து வந்த வக்கீல் ஒருவர் இருக்கிறார், வியாபார வழக்குதான் பார்ப்பார் என்று கேள்விப்பட்டுப் போனேன்.

புலம்ப ஆரம்பித்ததும் கையமர்த்தினார். "தம்பி, முதல்ல செலானைக் காட்டுங்க." சரக்கோடு அனுப்பும் டெலிவரி சீட்டுதான் செலான். ஒவ்வொன்றாகத் திருப்பி, சரக்கு உள்ளே வந்ததற்கு கம்பெனி கேட்டில் போட்ட இன்வர்ட் சீல், செக்யூரிட்டி கையெழுத்து, வண்டி நம்பர் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்தார். சீல் மங்கலான செலான்களைத் தனியே எடுத்து, அந்தந்த வண்டியின் ஈ-வே பில்லை (சரக்கு கொண்டுபோக ஜிஎஸ்டியில் எடுக்கும் சீட்டு) அதோடு பின் செய்யச் சொன்னார். அப்புறம்தான் கேள்வி: "தரம் சரியில்லைன்னு எப்போ எழுதிக் கொடுத்தாங்க?" எழுதித் தரவே இல்லை. சரக்கு இறங்கி 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால், 2006ஆம் ஆண்டு சிறுதொழில் சட்டப்படி ஏற்றுக்கொண்டதாகத்தான் அர்த்தமாம். எனக்கு அன்றுதான் தெரியும்.

அவர் ராணுவத்தில் ஏஎஸ்சி, அதாவது படைக்கு உணவும் சரக்கும் சேர்க்கும் பிரிவில், சப்ளை டிப்போவில் இருந்தவர். காண்ட்ராக்டர் லாரியில் வரும் உணவுச் சரக்கில் மாதிரி எடுத்துப் பார்த்து, குறை இருந்தால் அங்கேயே எழுதித் திருப்பி அனுப்புகிற வேலை. "குறை இருந்தா இறக்கும்போதே எழுதணும், தின்னு முடிச்சிட்டுச் சொல்லக் கூடாது" என்றார். சட்டம் படித்தவர்கள் நிறையப் பேர் உண்டு. சரக்கு இறங்கும் இடத்தில் நின்றவர் படித்தால் கண் வேறு இடத்துக்குப் போகிறது.

சிறுதொழில்காரர்களின் பாக்கித் தகராறைத் தீர்க்கும் ஃபெசிலிடேஷன் கவுன்சிலில் மனு போட்டோம். வாங்கியவர் எவ்வளவு இழுத்தாலும் பணம் தரக் கெடு 45 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. கவுன்சில் தீர்ப்பை எதிர்த்து கோர்ட்டுக்குப் போக வேண்டுமென்றால் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். இதெல்லாம் எதிர்த்தரப்புக்கும் தெரியும். சமரசப் பேச்சிலேயே அசலும் வட்டியில் ஒரு பங்கும் வந்து சேர்ந்தது.

முதுநகரில் படகு எஞ்சின் உதிரிபாகக் கடை வைத்திருப்பவர்:

எங்கள் விஷயம் செக் பவுன்ஸ். படகுக்காரர் தெரிந்தவர். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போனதும் தருகிறேன் என்றார், நாங்களும் சரி என்றுவிட்டோம். செக் திரும்பியபோது பேங்க் தந்த மெமோவில் வக்கீல் சார் தேதியைப் பார்த்தார். "அம்மா, தடைக்காலம் 61 நாள். நோட்டீஸ் அனுப்ப உங்களுக்கு 30 நாள்தான்." செக்கின் மூன்று மாத ஆயுளும் முடிந்திருந்ததால் மறுபடி பேங்கில் போடவும் வழியில்லை. அன்று மாலையே நோட்டீஸ் பதிவுத் தபாலில் போனது. அதிலும் ஒரு கடுஞ்சொல் இல்லை. தொகை, தேதி, கட்ட 15 நாள் அவகாசம், அவ்வளவுதான். படகுக்காரர் இன்றைக்கும் எங்கள் கடையில்தான் சாமான் வாங்குகிறார்.

அவர் பட்டாளத்தில் லடாக்கில் இருந்தபோது, அங்கே போகும் வழியிலுள்ள ஸோஜி லா கணவாய் பனியில் மூடுவதற்குள் குளிர்காலம் முழுவதற்குமான சரக்கை மேலே ஏற்றியாக வேண்டுமாம். தேதி விஷயத்தில் இத்தனை கறார் எங்கிருந்து வந்தது என்று அதைக் கேட்டதும் புரிந்தது.

ஒரு வருத்தமும் உண்டு. காகிதம் இல்லாத கேஸை அவர் தொடவே மாட்டார். கைமாற்றாகக் கொடுத்து ஏமாந்த என் தம்பியைத் திருப்பி அனுப்பிவிட்டார். வாட்ஸ்அப் செய்தியும் வங்கிக் கணக்கும் போதும் என்று இன்னொரு வக்கீல் அதை எடுத்து நடத்துகிறார்.