கன்ஜங்டைவா மெலனோமா: சென்டினல் நோடு பயாப்ஸி தேவையா?

கேள்வி:
கண்ணின் வெள்ளைப் பகுதியை மூடும் படலத்தில் (கன்ஜங்டைவா) மெலனோமா என்ற நிறமிச் செல் புற்றுநோய். கட்டி கண்ணின் உள்மூலையில், கருவிழி ஓரத்தைத் தொடவில்லை. பயாப்ஸியில் தடிமன் 2.4 மி.மீ., மேலே புண்ணும் உண்டு. காதருகிலோ கழுத்திலோ நெறி (நிணநீர்க் கணு) தட்டுப்படவில்லை, அல்ட்ராசவுண்டிலும் ஒன்றுமில்லை. ஸ்கேனில் கண்காணித்தால் போதாதா, கட்டியின் நிணநீர் முதலில் போய்ச் சேரும் கணுவை எடுத்துப் பார்க்கும் சென்டினல் நோடு பயாப்ஸி வேண்டுமா? செய்வதென்றால் கணுவைக் காட்டும் மருந்து ஊசி எங்கே, எவ்வளவு?

பதில் (கண் புற்றுநோய் அறுவை):
செய்யுங்கள் டாக்டர். 2 மி.மீ.க்கு மேல் தடிமன் அல்லது புண், ஏதாவது ஒன்று இருந்தாலே நாங்கள் பேச்செடுப்போம். இங்கே இரண்டும் இருக்கிறது. கணுவுக்குள் சில செல்கள் மட்டும் போய் உட்கார்ந்திருந்தால் அல்ட்ராசவுண்ட் காட்டாது. கட்டியை அகலமாக வெட்டும் அதே நாளில் வைத்துக்கொள்ளுங்கள். முன்பே வெட்டிவிட்டால் நிணநீர்ப் பாதை குலைந்து, தவறான கணு கைக்கு வரலாம். காதருகே உள்ள பரோட்டிடு உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் போவதானால் முகநரம்பு மானிட்டர் கட்டாயம். தசை தளர்த்தும் மருந்து வேலை செய்துகொண்டிருந்தால் மானிட்டர் பேசாது, மயக்க மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கண்ணுக்குள் வரும் மெலனோமாவுக்கு இதெல்லாம் பொருந்தாது. அது பெரும்பாலும் ரத்தம் வழியே கல்லீரலுக்குப் போகும்.

பதில் (அணு மருத்துவம்):
ஊசி மருந்து, கணுவைக் காட்டும் கதிரியக்க டெக்னீசியம்-99எம் சல்பர் கொலாய்டு. மரப்புச் சொட்டு விட்டு, மெல்லிய ஊசியால் கட்டியைச் சுற்றி, படலத்துக்கு அடியில், மொத்தமே சுமார் 0.2 மி.லி. கூடினால் படலம் உப்பி மருந்து வழியும். கன்னத்தில் பட்ட துளி படத்தில் கணு மாதிரியே நிற்கும். துடைத்துவிட்டு மறுபடி படமெடுங்கள்.

உள்மூலை தாடைக்கடியில் வடியும், வெளிமூலை காதருகே வடியும் என்பதை நம்பிக் கத்தி வைக்காதீர்கள், நிறைய மாறும். ஸ்பெக்ட்-சிடி (கதிரியக்கப் படத்தையும் சிடியையும் சேர்த்துக் காட்டும் ஸ்கேன்) எடுத்துக் கணுவின் இடத்தைத் தோலில் குறியுங்கள். காதருகுக் கணு ஊசி போட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அந்த வெளிச்சத்தில் மறைந்துபோகும். கதிர்வீச்சை அளக்கும் காமா ப்ரோபின் முனையைக் கண்பக்கம் திருப்பாமல் பிடியுங்கள். முதல் கணுவை எடுத்ததும் குழியை மறுபடி அளந்து, எடுத்த கணு காட்டிய அதிகபட்ச கதிர்வீச்சு எண்ணிக்கையில் பத்து சதவீதத்துக்கு மேல் காட்டுவதையும் எடுத்துவிடுங்கள்.

பதில் (நோய்க்குறியியல்):
ஃப்ரோசன் (அறுவையின்போதே திசுவை உறைய வைத்துப் பார்ப்பது) கேட்காதீர்கள், இருக்கிற சிறு கணுவில் திசு வீணாகும். ஃபார்மலினில் அனுப்புங்கள், பல மட்டங்களில் சீவி மெலனோமா செல்களைக் காட்டும் எஸ்-100, மெலன்-ஏ, எச்எம்பி-45 சாயங்கள் போடுவோம். எஸ்-100 மட்டும் பார்த்து முடிவு சொல்லக் கூடாது, கணுவில் இயல்பாகவே இருக்கும் டென்ட்ரிடிக் (நோயெதிர்ப்பு) செல்களும் அதில் நிறமேறும். கணுவின் உறையில் தீங்கற்ற மச்ச செல்கள் இருந்தால் மெலன்-ஏ ஏறும், எச்எம்பி-45 பெரும்பாலும் ஏறாது. அதையும் பரவல் என்று எழுதிவிடுவது உண்டு.

கணு சுத்தமாக வந்தாலும் கழுத்து அல்ட்ராசவுண்டை நிறுத்தாதீர்கள். பரவல் இருந்தும் இல்லை என்று காட்டும் பொய் நெகட்டிவ் இந்தப் பரிசோதனையில் நிஜமாகவே வரும்.