12.4 மீட்டர் = 40.68 அடி. இதைக் கொத்தனாருக்கு அங்குலம், நூலில் எப்படிச் சொல்வது?

மனை_தஞ்சை:
வணக்கம். வியாழக்கிழமை வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டுகிறோம். சர்வே புலப்படத்தில் மனை அகலம் 12.4, நீளம் 18.3 என்று மீட்டரில் இருக்கிறது. போனில் போட்டால் அகலம் 40.68 அடி என்று வருகிறது. கொத்தனார் "அடி, இன்ச், நூல்ல சொல்லுங்க" என்கிறார். 40 அடி 7 அங்குலம் என்று சொல்லிவிடலாமா? அப்பாவிடம் இருந்த பழைய படத்தில் அதே பக்கத்துக்கு 62 என்று மட்டும் போட்டிருக்கிறது. அது அடியும் இல்லை, மீட்டரும் இல்லை. என்ன கணக்கு அது?

சைட்_இன்ஜினியர்:
7 என்று சொல்லாதீர்கள். புள்ளிக்குப் பின்னால் வருவது அங்குலம் இல்லை, ஓர் அடியின் பங்கு. அதை 12-ஆல் பெருக்க வேண்டும். 12.4 × 3.28084 = 40.6824. அந்த .6824-ஐ 12-ஆல் பெருக்கினால் 8.19 அங்குலம். ஓர் அங்குலத்துக்கு 8 நூல், அதனால் மீதி .19-ஐ 8-ஆல் பெருக்கினால் ஒன்றரை நூல். ஆக 40 அடி 8 அங்குலம் ஒன்றரை நூல். நீளம் 60 அடியும் கிட்டத்தட்ட அரை அங்குலமும்.

ஒரு அங்குலம் சரியாக 25.4 மி.மீ., ஒரு நூல் 3.175 மி.மீ. டேப்பில் ஒரு பக்கம் மீட்டர் இருக்குமே, அதை வைத்தே மார்க்கிங் செய்யச் சொல்லுங்கள். மாற்றுகிற வேலையே இல்லை.

பழைய_சர்வேயர்:
அந்த 62 லிங்க் கணக்கு, தம்பி. நிலம் அளக்கிற சங்கிலி 66 அடி, அதில் 100 லிங்க். ஒரு லிங்க் 0.66 அடி, அதாவது 7.92 அங்குலம். 62 லிங்க் என்றால் 40 அடி 11 அங்குலம்.

மனை_தஞ்சை:
ரொம்ப நன்றி ஐயா. ஆனால் 8 அங்குலம் எங்கே, 11 அங்குலம் எங்கே? மூணு அங்குலம் நிலம் போய்விட்டதா? பக்கத்து மனைக்காரர் ஏற்கெனவே மதில் எழுப்பிவிட்டார்.

பழைய_சர்வேயர்:
இதை வைத்து அவரிடம் சண்டைக்குப் போய்விடாதீர்கள். 12.4 மீட்டர் என்பது 61.64 லிங்க். அதை முழு எண்ணாக்கினால் 62 தான். புதுப் படத்தையும் பாருங்கள்: 12.4 என்று ஒரே ஒரு தசமம். உண்மை அளவு 12.35 முதல் 12.45 வரை எதுவாகவும் இருக்கலாம். அடியில் சொன்னால் 40 அடி 6 அங்குலத்திலிருந்து 10 அங்குலம் வரை. படத்தை வைத்து நூல் கணக்கில் எல்லை பிடிக்கவே முடியாது. எல்லைக்கல் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இல்லையென்றால் தாலுகா அலுவலகத்தில் பணம் கட்டி அளக்கச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் வானம் தோண்ட வேண்டாம்.

சைட்_இன்ஜினியர்:
ஐயா சொல்வதுதான் சரி. நான் சொன்ன ஒன்றரை நூல் கட்டட பிளானுக்குத்தான் உதவும், மனை எல்லைக்கு இல்லை. கல் கிடைத்ததும் மூலைக்கு மூலை அளந்து பாருங்கள். நான்கு மூலையும் செங்கோணமாக இருந்தால் இரண்டு மூலைவிட்டமும் 22.1 மீட்டர், அதாவது 72 அடி 6 அங்குலத்தை ஒட்டி வர வேண்டும்.

மனை_தஞ்சை:
தெருப் பக்கம் இரண்டு கல்லும் இருக்கின்றன. பின்பக்கம் ஒன்று கூடக் காணோம். வியாழக்கிழமை வேலையைத் தள்ளிவைத்துவிட்டு, அளக்க மனு கொடுக்கிறேன்.