மூன்று நிமிடப் பேச்சும் டிசம்பர் மாதக் கணக்கும்: எங்கள் சின்ன ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் அனுபவம்

எங்களுடையது கலிஃபோர்னியாவில் ஒரு சின்ன ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட், அதாவது ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு. இரண்டே பள்ளிகள், எட்டாம் வகுப்பு வரைதான், எல்லாம் சேர்த்தாலும் ஆயிரம் பிள்ளைகள் தேறாது. ஊர்ப்பெயர் வேண்டாம். 2025 மார்ச்சில் நடந்ததை எழுதுகிறேன். உங்கள் ஊரில் எப்படி என்று நீங்களும் எழுதினால் எல்லாருக்கும் உதவும்.

என் மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறுவாள். வாரத்தில் நான்கு நாள், லைப்ரரிக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையில், அரைவட்ட மேசையைச் சுற்றி நாலைந்து பிள்ளைகளை உட்காரவைத்து ஒரு டீச்சர் தனியாக வாசிப்புச் சொல்லிக்கொடுப்பார். ஒரு சொல்லில் எத்தனை ஒலி கேட்கிறதோ அத்தனை வில்லைகளை விரலால் முன்னே தள்ள வேண்டும். இவள் வீட்டுக்கு வந்ததும் பல்லாங்குழிச் சோழிகளை எடுத்து வைத்துக்கொண்டு கிண்டர்கார்ட்டன் படிக்கும் தம்பிக்கு அதையே சொல்லிக்கொடுப்பாள். பிப்ரவரியில் ஒருநாள் காலை சீரியல் டப்பாவின் பின்பக்கத்தைத் தானாகவே வாசித்தாள். நானும் மனைவியும் கையில் இருந்த வேலையை விட்டுவிட்டு நின்று கேட்டோம்.

அந்த டீச்சருக்கு வேலைநீக்க நோட்டீஸ் போகப்போகிறது என்பதை, பிள்ளைகளை அழைத்துப்போக நிற்கும் கார் வரிசையில்தான் கேள்விப்பட்டேன். அந்த வாரமே ஸ்கூல் போர்டு (டிஸ்ட்ரிக்டை நடத்த மக்கள் தேர்ந்தெடுக்கும் குழு) கூட்டம். பிள்ளைகள் மதியம் சாப்பிடும் ஹாலில்தான் கூட்டம் போடுவார்கள், மடக்கிய மேசைகள் சுவரோரம் நிற்கும். போர்டில் ஐந்து பேர், ஐந்து பேரும் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். பார்க்க வந்தவர்கள் என்னோடு சேர்த்து ஆறு பேர். பேச மூன்று நிமிடம். எதிரே ஒரு டைமர், பச்சை, மஞ்சள், சிவப்பு. சோழிக் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் மஞ்சள் வந்துவிட்டது. ஒருவரும் ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை, 'நன்றி, அடுத்தவர்' என்றார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது, இவ்வளவு அலட்சியமா என்று. பிறகுதான் தெரிந்தது, இப்படிப்பட்ட பொதுக் கூட்டங்களுக்கென்று பிரவுன் சட்டம் என்று ஒன்று 1953-இலிருந்து இருக்கிறது. வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே நிகழ்ச்சி நிரலை வெளியே ஒட்ட வேண்டும், அதில் இல்லாத விஷயத்தை போர்டு விவாதிக்கவே கூடாது. இருக்கிற விஷயத்தில்கூட, மக்கள் பேசும் நேரத்தில் அவர்கள் காதுகொடுத்துக் கேட்பதுதான் வழக்கம். முறை தெரியாமல் போய் நின்றால் மனசு உடைந்து திரும்ப வேண்டியதுதான்.

கூட்டம் முடிந்ததும் டிஸ்ட்ரிக்டின் கணக்கு அதிகாரி அம்மா என்னை ஓரமாக அழைத்து, நீங்கள் டிசம்பரில் வந்திருக்க வேண்டும் என்றார். மறுநாள் அவருடைய அலுவலகத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டேன், நிஜமாகவே பொறுமையாகச் சொன்னார். டிசம்பர் 15-க்குள் முதல் இடைக்கால நிதி அறிக்கை, மார்ச் நடுவுக்குள் இரண்டாவது. இந்த வருடமும் அடுத்த இரண்டு வருடங்களும் செலவைச் சமாளிக்க முடியுமா என்று போர்டு அதில் சான்று சொல்ல வேண்டும். முடியாது போலிருக்கிறது என்றால் கவுண்டி கல்வி அலுவலகம் உள்ளே வரும். எங்கள் அளவுள்ள டிஸ்ட்ரிக்ட் மொத்தச் செலவில் 4 சதவீதம் கையிருப்பு வைத்திருந்தே ஆக வேண்டும். ஆசிரியர் நோட்டீஸுக்கு மார்ச் 15-தான் கடைசி நாள். ஆகவே யாரைக் குறைப்பது என்ற பேச்சு குளிர்கால விடுமுறைக்கு முன்னும் பின்னுமாக நடந்து முடிந்துவிடுகிறது. மார்ச்சில் நாம் போகும்போது காகிதத்தில் கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி.

பணம் ஏன் குறைந்தது என்றால், கோவிட் காலத்துக்கு மத்திய அரசு கொடுத்த நிதியில் ஒப்பந்தம் போட்டுச் செலவழிக்கும் கெடு 2024 செப்டம்பரோடு முடிந்தது. வாசிப்பு டீச்சரின் சம்பளம் அதிலிருந்துதான் போய்க்கொண்டிருந்ததாம். பிள்ளைகளின் எண்ணிக்கையும் வருடா வருடம் இறங்குகிறது, வீட்டு விலைக்குச் சின்னப் பிள்ளைகள் வைத்திருக்கும் குடும்பங்கள் வர முடிவதில்லை.

நான் கேட்ட முதல் கேள்வி நம் ஆட்கள் எல்லாரும் கேட்பதுதான்: இவ்வளவு சொத்து வரி கட்டுகிறோமே, எங்கே போகிறது? 2013-இல் வந்த எல்சிஎஃப்எஃப் என்ற பள்ளி நிதி முறையில், இத்தனை பிள்ளைக்கு இவ்வளவு என்று தொகையை மாநிலம் முடிவு செய்கிறது. அதில் முதலில் உள்ளூர் சொத்து வரியைப் போட்டு, மீதியை மாநிலம் நிரப்புகிறது. சொத்து வரி கூடினால் மாநிலம் போடுவது குறையும், மொத்தம் அதேதான். சொத்து வரியே அந்தத் தொகையைத் தாண்டும் வசதியான டிஸ்ட்ரிக்டுகள் மட்டும் மிச்சத்தை வைத்துக்கொள்ளலாம். எங்களுடையது அப்படி இல்லை.

அடுத்து அவர் சொன்னதில்தான் நான் அடிபட்டுப் போனேன். கலிஃபோர்னியா பணம் கொடுப்பது சேர்க்கைக்கு இல்லை, வருகைக்கு. பிள்ளை அன்று பள்ளியில் இல்லையென்றால் காய்ச்சலானாலும் சரி, கல்யாணமானாலும் சரி, அந்த நாளுக்குக் காசு இல்லை. அவர் என் பிள்ளைகளைச் சொல்லவே இல்லை. நான்தான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். அண்ணன் மகள் கல்யாணத்துக்காக ஜனவரியில் மதுரைக்குப் போனோம், பொங்கலையும் முடித்துக்கொண்டு வந்தோம். இரண்டு பிள்ளைகள், 15 பள்ளி நாள். ஒரு பிள்ளைக்கு அடிப்படைத் தொகை வருடம் 10,000 டாலரை ஒட்டி, அதை 180 நாளால் வகுத்தால் நாளுக்கு 55 டாலர். எங்கள் வீட்டுக் கணக்கு மட்டும் 1,650 டாலர். முந்தைய வருடங்களின் சராசரியையும் பார்ப்பதால் அடி உடனே விழாதாம், ஆனால் விழும். டிசம்பர், ஜனவரியில் ஊருக்குப் போகும் குடும்பங்கள் எங்கள் பள்ளியில் எத்தனை என்று எனக்குத் தெரியும்.

பதில், கலிஃபோர்னியா, வகுப்பறை உதவியாளராக இருக்கும் ஓர் அக்கா

தம்பி, வருகை பற்றிச் சொன்னீர்கள், நான் படிவத்தைப் பற்றிச் சொல்கிறேன். பிள்ளையைச் சேர்க்கும்போது வீட்டு மொழி பற்றி நான்கு கேள்வி கேட்பார்கள். பேசத் தொடங்கியபோது எந்த மொழி, வீட்டில் அதிகம் எந்த மொழி என்று. 'தமிழ்னு எழுதிடாதீங்க, பின்தங்கிய பிள்ளைன்னு முத்திரை குத்திடுவாங்க' என்று நம் ஆட்களுக்குள் ஒரு பேச்சு. நான் முப்பது பேரிடமாவது இதைக் கேட்டிருப்பேன். தமிழ் என்று எழுதினால் 30 நாளுக்குள் எல்பேக் என்ற ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள், அவ்வளவுதான். ஒரு கிண்டர்கார்ட்டன் குழந்தை, மணிமணியாக ஆங்கிலம் பேசும், தேர்வு அறையில் புது ஆளைப் பார்த்ததும் ஸ்வெட்டர் நுனியை வாயில் வைத்துக்கொண்டு ஒரு சொல் பேசவில்லை. ஆங்கிலம் கற்பவர் என்று பதிவாகிவிட்டது. அம்மா என்னிடம் வந்து அழுதார். ஆனால் அந்தப் பதிவால் பிள்ளைக்குத் தனியாக ஆங்கிலப் பாடம் கிடைத்தது, டிஸ்ட்ரிக்டுக்கும் எல்சிஎஃப்எஃப் கணக்கில் அந்தப் பிள்ளைக்கு அடிப்படையின் மேல் 20 சதவீதம் கூடுதல் வருகிறது. இரண்டு வருடத்தில் எல்பேக்கில் நான்காம் நிலை வாங்கி அந்தப் பட்டியலிலிருந்து வெளியே வந்துவிட்டது.

பெற்றோர் கவனிக்க வேண்டியது பின்னால்தான். வெளியே வர ஆசிரியர் கருத்து, பெற்றோரோடு ஆலோசனை எல்லாம் வேண்டும், நாமும் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கேட்காமல் விட்ட சில பிள்ளைகள் நடுநிலைப் பள்ளிக்குப் போன பிறகும் அதே பட்டியலில் இருந்து, விருப்பப் பாடம் எடுக்க முடியாமல் தவித்ததைப் பார்த்திருக்கிறேன்.

மதிப்பெண் பற்றியும் ஒன்று. 'ஆங்கிலம் கற்பவர்கள்' வரிசை எப்போதும் தாழ்ந்தே தெரியும், ஏனென்றால் தேறிய பிள்ளை பட்டியலை விட்டு வெளியேறிவிடுகிறது. சின்ன டிஸ்ட்ரிக்டில் மூன்றாம் வகுப்பில் 40 பிள்ளைகள் என்றால் ஒரு பிள்ளைக்கு 2.5 சதவீதம். இரண்டு பிள்ளைகள் அன்று சரியாக எழுதாவிட்டால் 'பள்ளி 5 சதவீதம் சரிந்தது' என்கிறார்கள். ஒரு வருட எண்ணை வைத்துப் பள்ளியைத் தீர்மானிக்காதீர்கள், அதே பிள்ளைகள் மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்து வரை எப்படிப் போனார்கள் என்று பாருங்கள்.

பதில், நியூ ஜெர்சி, ஓர் அம்மா

எங்கள் மாநிலத்தில் ஏறத்தாழ 600 டிஸ்ட்ரிக்டுகள், பல ஊர்கள் எங்களுடையதைப் போலச் சின்னவை. இங்கே கதை வேறு, சொத்து வரி ரசீதில் பாதிக்கு மேல் பள்ளிக்குத்தான். 2010-இல் வந்த சட்டப்படி வரி வசூலை வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் சுலபமாக உயர்த்த முடியாது. 2018 சட்டத்தால் மாநில உதவி ஏழு வருடமாகப் படிப்படியாகக் குறைந்த ஊர்களில் எங்களுடையதும் ஒன்று.

செலவைக் குறைக்க டிஸ்ட்ரிக்ட் கைவைத்தது பஸ்ஸில். எட்டாம் வகுப்பு வரை 2 மைலுக்கு மேல் தூரம் இருந்தால்தான் பஸ் கட்டாயம், அதற்குள் இருப்பவர்களுக்கு டிஸ்ட்ரிக்ட் விரும்பிக் கொடுத்தால் உண்டு. எங்கள் வீடு 1.8 மைல். நடுவே நான்கு வழிச் சாலை, ஒரு பக்கம் நடைபாதையே கிடையாது. ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார் ஒருநாள் பேரனோடு நடந்து பார்த்துவிட்டு வந்து, 'இந்த ரோட்டுல புள்ளய அனுப்பாத' என்று ஒரே வரியில் சொன்னார். பட்ஜெட் விசாரணைக் கூட்டத்துக்கு அந்தச் சாலையை போட்டோ எடுத்துக்கொண்டு பதினாறு குடும்பங்கள் போனோம். இலவச பஸ் திரும்ப வரவில்லை, கட்டணம் கட்டினால் இடம் உண்டு என்று மாற்றினார்கள். கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகளை இப்போது முறைவைத்து நாங்கள்தான் காரில் ஏற்றிப்போகிறோம்.

மக்களுக்குப் புரியும் வடிவில் பட்ஜெட் சுருக்கத்தை டிஸ்ட்ரிக்ட் இணையதளத்தில் போட வேண்டும் என்பது இங்கே விதி. தயவுசெய்து திறந்து பாருங்கள்.

பதில், டெக்சாஸ்

இங்கேயும் வருகைக்குத்தான் பணம் அண்ணா. ஒரு பிள்ளைக்கான அடிப்படைத் தொகை 2019-இலிருந்து 6,160 டாலராகவே நின்றது, 2025-இல் 55 டாலர் கூட்டினார்கள். இடையில் விலைவாசி எங்கே போனது என்று எல்லாருக்கும் தெரியும். எங்கள் பள்ளியில் இசை டீச்சர் இப்போது இரண்டு பள்ளிக்கு ஒருவர்.

பதில், கலிஃபோர்னியா

அண்ணா, நான் எச்-1பியில் இருக்கிறேன். ஓட்டு கிடையாது. நாம் போய் பேசினால் ஏதாவது பிரச்சினை வருமா?

முதலில் எழுதியவர்

தம்பி, போர்டு கூட்டத்தில் பேசக் குடியுரிமை வேண்டாம், விசா எதுவென்று யாரும் கேட்கக் கூடாது, கேட்கவும் மாட்டார்கள். பெயரைச் சொல்வதுகூட உங்கள் விருப்பம்தான். போர்டுக்கு நிற்கவும் ஓட்டுப் போடவும்தான் குடியுரிமை வேண்டும் (சான்ஃபிரான்சிஸ்கோவில் 2016-இல் மக்கள் வாக்களித்து, குடியுரிமை இல்லாத பெற்றோரும் ஸ்கூல் போர்டு தேர்தலில் ஓட்டுப் போட வழி செய்தார்கள்). பள்ளி அளவில் சைட் கவுன்சில் என்று ஒரு குழு இருக்கிறது, தொடக்கப்பள்ளியில் பாதி ஊழியர், பாதி பெற்றோர். 21 ஆங்கிலம் கற்கும் பிள்ளைகள் இருந்தாலே அவர்களின் பெற்றோருக்கென்று தனிக் குழு அமைக்க வேண்டும். இரண்டிலும் நீங்கள் உட்காரலாம். அக்காவின் பதிலைப் படித்த பிறகு போய் விசாரித்தேன், எங்கள் பள்ளியில் அந்தக் குழுவில் ஒரு தமிழர்கூட இல்லை, மூன்று இடம் காலியாக இருந்தது.

அக்கா, படிவம் பற்றி நீங்கள் சொன்னதோடு இன்னொன்றும் உண்டு. 2022-இலிருந்து இங்கே எல்லாப் பிள்ளைக்கும் மதிய உணவு இலவசம் என்பதால் வருமானப் படிவத்தை யாரும் நிரப்புவதில்லை. அந்தப் படிவத்தையும் வைத்துத்தான் குறைந்த வருமானப் பிள்ளைகளை எண்ணிக் கூடுதல் பணம் தருகிறார்கள். தகுதியுள்ள குடும்பம் தெரிந்தால் நிரப்பச் சொல்லுங்கள்.

டீச்சர் என்ன ஆனார் என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டிருந்தீர்கள். மார்ச் நோட்டீஸ் முதல் அறிவிப்புதான், மே 15-க்குள் இறுதி முடிவு சொல்ல வேண்டும். அந்த இரண்டு மாதத்தில் நான்கு கூட்டங்களுக்குப் போனோம், கடைசிக் கூட்டத்தில் முப்பது பேருக்கு மேல். அந்தக் கூடுதல் 20 சதவீத நிதியிலிருந்து எல்கேப் என்ற திட்டத்தில் (அந்த நிதியை எப்படிச் செலவிடுவது என்று டிஸ்ட்ரிக்ட் போடுவது) டீச்சருக்குப் பாதி வேலையைச் சேர்த்தார்கள். நான்கு நாள் இரண்டு நாளாகிவிட்டது, மேசையைச் சுற்றி ஏழு பிள்ளைகள். டீச்சர் மற்ற நாட்களில் பக்கத்து ஊருக்குக் காரோட்டிப் போகிறார்.

அடுத்த டிசம்பரில் முதல் அறிக்கை வந்தபோது எங்களில் ஐந்து பேர் ஹாலில் இருந்தோம். ஊருக்குப் போகிறவர்கள் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே அலுவலகத்தில் 'இன்டிபென்டன்ட் ஸ்டடி' ஒப்பந்தம் உண்டா என்று கேளுங்கள். கையெழுத்துப் போட்டு, கொடுத்த பாடங்களை அங்கிருந்து முடித்துக் கொடுத்தால் அந்த நாட்களை வருகையாகக் கணக்கில் எடுக்க முடியும். இந்த முறை நாங்கள் அப்படித்தான் போனோம். மகள் தன் பாடத்தாள்களை மதுரைத் திண்ணையில் உட்கார்ந்து அப்பத்தாவுக்கு வாசித்துக் காட்டியபடியே முடித்தாள், ஒரு தாளில் மட்டும் காபிக் கறை.